சத்தம் வீடு மாறிய மழைக்காலம்

வெட்டாறு கடலில் விழப்போகிற அவசரத்தில், அதுவரை சுமந்துவந்த மண்ணையெல்லாம் கீழே போட்டுவிட்டுப் போன இடத்தில் மணலேறி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஓர் ஐப்பசி மாதம், அடைமழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், புயல் காப்பகம் கட்ட இடம் பார்க்க வந்தவர்கள் பூமியைச் சம்மட்டியால் அடித்துக் கேள்வி கேட்டார்கள், பூமியும் பதில் சொல்லத் தொடங்கியது, அந்தப் பதிலைப் பாதியில் விட்டுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள், அதனால் தை அறுப்பு முடிகிறவரைக்கும் அந்த ஊரில் எந்த வீட்டுச் சத்தமும் அந்த வீட்டில் கேட்கவில்லை, வேறொரு வீட்டில் போய்க் கேட்டது.

மற்றவர்களுக்குத் தொலைந்தது குக்கர் விசிலும் மாட்டின் கத்தலும் கதவு முனகலும்தான். இளவரசிக்குத் தொலைந்தது அப்போதுதான் தவழப் பழகிய தன் மகள் குந்தவியின் அழுகை.

வந்தவர்களுக்குத் தலைமை ஜெபசீலி மேடம், நாகர்கோவில் பக்கத்துப் பெண், வெயிலுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆண்களோடு ஆணாக வயரை இழுத்துப்போட்டார். கைப்பிடி அளவு ஆரஞ்சு நிறக் காதுகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓர் ஆணி, எல்லாவற்றையும் ஒரே வயரில் கோத்து, ஊரின் கிழக்குக் கோடியில் இளவரசி வீட்டு வேலியில் தொடங்கி மேற்குக் கோடியில் தவமணி வீட்டு வாசல் வரைக்கும், வெங்காயம் நடுகிற மாதிரி வரிசையாக மண்ணில் குத்திக்கொண்டே போனார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இளவரசி முதல் ஆளாக வந்து நின்றாள்.

"ஏன் மேடம், கெட்டி மண்ணு எங்க இருக்குன்னு தெரியணும்னா தோண்டிப் பாத்தா ஆச்சு. எதுக்கு இம்புட்டு வயரு?"

"சந்தையில தர்பூசணி வாங்கும்போது வெட்டியா பாக்கறீங்க? தட்டித்தானே பாக்கறீங்க?" என்றார் ஜெபசீலி. "உங்க ஊரு மேல்மண்ணு உளுத்த மண்ணு, பொலபொலன்னு இருக்கு. அதுல சத்தம் சேத்துல நடக்கிற மாதிரி மெதுவாத்தான் போகும். கீழ கெட்டி மண்ணுக்கு இறங்கிட்டா தார் ரோட்டுல ஓடுற மாதிரி ஓடும். அதனால தூரத்துல இருக்கிற காதுக்கு, மேலால நடந்து வர்ற சத்தத்தைவிட, கீழ இறங்கி ஓடி மேல ஏறி வர்ற சத்தம்தான் முந்தி வரும். எவ்வளவு முந்துதுன்னு பாத்தா ஆழம் தெரிஞ்சுடும்."

"அப்ப சுத்திப் போறதுதான் சீக்கிரம்ங்கறீங்க."

"அதேதான்."

"எங்க வீட்டுக்காரரும் கடைக்குப் போனா அப்படித்தான் சொல்றாரு. ஆனா சீக்கிரம் வந்த பாட்டைக் காணும்."

எல்லாரும் சிரித்தார்கள். மேற்குக் கோடியில் தன் வாசலில் நின்ற தவமணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் இளவரசியின் ஓரகத்தி, கணவன் குணாளனுடைய அண்ணன் மனைவி. அண்ணன் லாரியோடு நாக்பூர் பக்கம் போனால் வர மாதமாகும், மகன் திருச்சியில் ஹாஸ்டல், ஆகவே அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். பாகம் பிரித்தபோது கொல்லையில் கிடந்த பெரிய கருங்கல் தொட்டி இளையவன் பங்குக்கு வந்தது. குந்தவிக்குப் பேர் வைத்த அன்று தவமணி கொல்லைக்குப் போய்க் கை கழுவிவிட்டு, நிறைந்து நின்ற அந்தத் தொட்டியைப் பார்த்து, "இதுக்கு ஒரு மூடி செஞ்சு போடு இளவரசி, பிள்ளை தவழ ஆரம்பிச்சா எட்டிப் பாத்து விழுந்து தொலைக்கும்" என்றாள். இளவரசியின் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "நல்ல நாளும் அதுவுமா என் பேத்தியை விழுந்து தொலையச் சொல்றியா? தொட்டி கிடைக்காத வயித்தெரிச்சலாடி உனக்கு?" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். இளவரசி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. தவமணி இலையில் உட்காராமலே போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. தொட்டிக்கு மூடியும் இல்லை, ஏனென்றால் மூடி போட்டால் அவள் சொன்னதற்காகப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

அடிக்கும் நேரத்தில் யாரும் மூச்சு விடக்கூடாது என்று ஜெபசீலி சொல்லியிருந்தார். இந்தக் காதுகளுக்குக் கோழி நடந்தால்கூடக் கேட்கும் என்றார். ஊராட்சித் தலைவர் மாசிலாமணி மைக்கில் அதை இன்னும் கொஞ்சம் மிரட்டலாகச் சொன்னார். மோட்டாரையெல்லாம் நிறுத்தி, ஆடு மாடுகளை ஆற்றங்கரைக்கு ஓட்டிவிட்டு, ஊரே வாயை மூடிக்கொண்டு நின்றது. துரைக்கண்ணு என்கிற சம்மட்டிக்காரர் இளவரசி வீட்டு வேலியோரம் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியைத் தலைக்கு மேலே தூக்கினார். அது இறங்குகிற கணத்தில் இளவரசிக்கு என்ன தோன்றியதோ, முதல் நாற்றை ஊன்றும்போதும் முதல் கடைக்காலுக்கு மண்வெட்டி போடும்போதும் செய்கிற மாதிரியே நாக்கு தானாகச் சுழன்று ஒரு குலவை போட்டுவிட்டாள். ஒருத்தி போட்டால் மற்றவள் சும்மா இருப்பாளா? அந்த ஊரில் பூமியைச் சும்மா அடித்த பழக்கமில்லை. அத்தனை பெண்களும் போட்டார்கள். அடியும் குலவையும் ஒன்றாகக் கலந்து மண்ணுக்குள் இறங்கிப் போயின.

வயரெல்லாம் போய்ச் சேர்கிற பெட்டியின் திரையை ஜெபசீலி பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"குலவை முந்தி வந்திருக்கு."

"எதுக்கு முந்தி?" என்றார் தலைவர்.

"நீங்க போடறதுக்கு முந்தி."

அப்போதே மழை பிடித்துக்கொண்டது. பெட்டி நனையாமல் அவர்கள் எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டினார்கள். "இது ஒரு பக்கந்தான். அந்தக் கோடியிலிருந்தும் ஒரு அடி அடிச்சாத்தான் கணக்கு சரியாகும். மழை விட்டதும் வர்றோம்" என்று சொல்லிவிட்டு ஜெபசீலி ஜீப்பில் ஏறினார். ஒரு பக்கம் மட்டும் கேட்கப்பட்ட பூமி, மறு பக்கம் கேட்க யாராவது வருவார்கள் என்று காதைத் திறந்துவைத்துக்கொண்டே கிடந்தது.

மறுநாள் காலையில் மணலேறியில் ஒரு குக்கரும் விசில் விடவில்லை. விட்டன, ஆனால் அடுப்பில் வைத்தவளுக்குக் கேட்கவில்லை. பருப்பு தீய்ந்த வாசனை தெருத்தெருவாக வந்தபிறகுதான் ஒவ்வொருத்தியாக வாசலுக்கு ஓடிவந்தார்கள். வேலிக்கு வெளியே, தெருவில், பேசினது பேசினபடி கேட்டது. வேலிக்கு உள்ளே எழுகிற சத்தம் மட்டும் தரையில் விழுந்த தண்ணீர் மாதிரி உறிஞ்சப்பட்டுக் கீழே போனது, கெட்டி மண்ணைத் தொட்டு ஓடியது, ஊரின் இன்னொரு மூலையில் யாரோ ஒருவர் வீட்டுத் தரை வழியாக மேலே ஏறியது. அதுவும் எப்படி? எழுவதற்கு ஒரு மூச்சு நேரம் முந்தியே போய்ச் சேர்ந்தது. ராஜாத்தியின் குக்கர் ரேஷன் கடை எடைத்தட்டுக்கு அடியில் விசில் விட்டது. பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு ரைஸ் மில்லுக்குள் கேட்டது, மூட்டை தூக்குகிறவர்கள் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழாகச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கோ மில் இரைச்சல் தாங்காமல் வாத்தியார் வகுப்பைத் தெருவோரப் பூவரசு நிழலுக்கு மாற்றிவிட்டார். சிவன் கோயில் மணி டீக்கடை பெஞ்சுக்குக் கீழே அடித்தது, டீ மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கழற்றிவிட்டு டீ ஆற்றினார், அந்த டீ ஆற்றுகிற சத்தம் கருவறையில் கேட்டுக் குருக்கள் பாதி மந்திரத்தில் எச்சில் விழுங்கினார்.

முதல் வாரம் பயந்தார்கள். இரண்டாம் வாரம் குறை சொன்னார்கள். தீபாவளி வருவதற்குள் அதற்கு ஒரு முறை வைத்துவிட்டார்கள். எந்த வீட்டுச் சத்தம் எந்த வீட்டில் கேட்கிறதோ அந்த இரண்டு வீட்டாரும் சத்தச் சம்பந்திகள். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் முறுக்கும் அதிரசமும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, அவசரமென்றால் ஓடிவந்து சொல்ல வேண்டும். "ராஜாத்திக்கா, மூணு விசில் ஆவப்போவுது, இறக்குங்க!" என்று ரேஷன் கடைக்காரர் கத்துவது ஊருக்குப் பழகிப்போனது. பானை உடையும் சத்தம் கேட்டு ஓடிவந்து, உடைவதற்கு முன்பே பிடித்தவர்கள் உண்டு. கீழத்தெருப் புருசன் பெண்டாட்டிச் சண்டை தலைவர் கட்டிலுக்கு அடியில் கேட்டது, அவர்கள் சண்டையைத் தொடங்க வாயைத் திறக்கும்போது தலைவர் வாசலில் வந்து நின்றார். எத்தனை நாள்தான் அப்படிச் சண்டை போட முடியும்? விட்டுவிட்டார்கள்.

இளவரசிக்கு மட்டும் சத்தச் சம்பந்தி அமையவில்லை.

முதல் நாள் அவள் கண்டது என்னவென்றால், தூளிக்குள் குழந்தை வாயைத் திறந்து, முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வழிய, உடம்பெல்லாம் முறுக்கி அழுதுகொண்டிருக்கிறது, ஆனால் சத்தம் இல்லை. தொண்டை அடைத்துவிட்டதென்று பதறி வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள், வேலியைத் தாண்டியதும் "ஙே" என்று அழுகை வெடித்தது, அவளும் அங்கேயே உட்கார்ந்து பிள்ளையோடு சேர்ந்து அழுதாள். மறுபடி உள்ளே கொண்டுபோனாள். அழுகை அறுந்தது. வெளியே வந்தாள். அழுகை வந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டாள். அழுதால் தனக்குத் தெரியாது என்பதையும் தெரிந்துகொண்டாள்.

அவளும் சும்மா இருக்கிறவள் இல்லை. தூளிக் கயிற்றில் ஒரு சணலைக் கட்டி மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள், பிள்ளை அசைந்தால் சணல் இழுக்கும். தெருவில் நின்று மற்ற பெண்களிடம், "எம்மவ சமத்து, அழவே மாட்டா தெரியுமா?" என்று கேலி பேசினாள். வீட்டுக்குள் நுழையும்போது அந்த முகம் மாறியதை யாரும் பார்க்கவில்லை.

ஏனென்றால் அவள் வீட்டில் வேறொன்று கேட்டது.

அடுப்படித் தரைக்கு அடியிலிருந்து, டொம், டொம், டொம். பேச்சு இல்லை, பாத்திரம் உருளும் சத்தம் இல்லை, இருமல்கூட இல்லை. நாள் முழுக்க ஒன்றுமே கேட்காது, திடீரென்று டொம், டொம், டொம். சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை போகும். கோலமாவு டப்பா நகரும். உள்ளங்கையைத் தரையில் வைத்தால் கீழே யாரோ மேலே வர இடம் கேட்கிற மாதிரி அதிரும். அதைவிடப் பயங்கரம், அந்தச் சத்தம் கேட்ட அடுத்த மூச்சில் பிள்ளை அழும். முதல் தடவை தற்செயல் என்று நினைத்தாள். அப்புறம் பார்த்தாள், ஒரு தடவைகூடத் தவறவில்லை. பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும், தரை இடிக்கும், உடனே அதன் உதடு பிதுங்கும், வாய் சத்தமில்லாமல் திறக்கும். ஆகவே கீழே இருக்கிற எதுவோ என் பிள்ளையைத் தட்டித் தட்டி எழுப்பி அழவைக்கிறது என்றுதான் அவளுக்குப் புரிந்தது. பெற்றவளுக்கு வேறு எப்படிப் புரியும்?

"சம்மட்டி அடி வெளிய வரத் தெரியாம உன் வீட்டுக்கடியில மாட்டிக்கிட்டுக் கிடக்கு" என்றாள் ராஜாத்தி. "உன் வேலிகிட்டதானே அடிச்சாங்க. குலவையும் நீதானே தொடங்கி வெச்சே."

"அதுக்காகப் பிள்ளைகிட்டயா வரணும்? எங்கிட்ட வரட்டும், நாலு கேக்கறேன்" என்றாள் இளவரசி.

குணாளன் அடுப்பை இடம் மாற்றி வைத்தான். கோயிலிலிருந்து விபூதி வந்தது, நாகூரிலிருந்து மந்திரித்த தண்ணீர் வந்தது, இரண்டையும் ஒரே மூலையில் தெளித்தார்கள். இடி நிற்கவில்லை. இடித்த அன்றெல்லாம் அவள் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்காமல் ஒரு கையாலேயே சோறு வடித்தாள், ஒரு கையாலேயே துணி பிழிந்தாள். தலைவர் வீடு வீடாக விசாரித்துச் சம்பந்தி சேர்த்துக்கொண்டு வந்தபோது, மேற்குக் கோடியில் தவமணியிடமும் கேட்டார்.

"என் வீட்டுல ஒண்ணும் கேக்கலை" என்றாள் தவமணி.

அவளைப் பற்றி ஊரில் வேறு பேச்சு இருந்தது. மழைக்காலத்தில், நல்ல அடுப்படி இருக்க, வேலிக்கு வெளியே தெருவோரம் கீற்றைச் சாய்த்துக்கொண்டு அதற்குக் கீழே மூன்று கல்லைக் கூட்டி சமைக்கிறாள், டிவியைத் துணி போட்டு மூடிவிட்டாள், போன் வந்தால் தெருவுக்கு ஓடிவந்து பேசுகிறாள், மகன் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து மனசு சரியில்லை போலிருக்கிறது என்றார்கள். இளவரசியும் அதைக் கேட்டாள். பாவமாக இருந்தது. போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தாள். போகவில்லை.

கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. குந்தவி தவழ்ந்ததிலிருந்து சுவரைப் பிடித்து நிற்கிறவரை வளர்ந்தாள். தை பிறந்து, அறுப்பு முடிந்து, வயல் காய்ந்து வெடித்தபோது ஜீப் வந்தது.

ஜெபசீலி ஊர் சொன்னதையெல்லாம் கேட்டார். சிரிக்கவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கீழே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் நசுக்கினார். "அந்தக் கோடியிலிருந்து அடிச்சுட்டா எல்லாம் வந்த வழியே திரும்பணும். ஆனா போன தடவை குலவை உள்ள போச்சு. இந்தத் தடவையும் வேற சத்தம் கூடப் போச்சுன்னா, அப்புறம் எத்தனை அடிச்சாலும் பிரிச்செடுக்க முடியாது. இப்படியே இருந்துடும்."

ஊரில் பாதிப் பேருக்கு இப்படியே இருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. இளவரசிதான் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். "என் பிள்ளை அழுவறது எங்காதுல விழணும் பெரியப்பா. அது பேச ஆரம்பிச்சு அம்மான்னு கூப்பிட்டாக்கூட எனக்குக் கேக்காது. அடிக்கச் சொல்லுங்க." தலைவர் மைக்கை எடுத்துவரச் சொன்னார்.

அன்று உச்சி வெயிலில் மைக் அலறியது. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுக்குள் உட்கார வேண்டும், கால் பதிந்தது பதிந்தபடி இருக்க வேண்டும், நான் மறுபடி சொல்கிறவரை கொசு கடித்தாலும் அடிக்கக்கூடாது, குலவை போடுகிற வாயை இப்போதே முந்தானையால் கட்டிக்கொள்ளவும். தவமணி வீட்டு வாசலில் தகட்டை வைத்தார்கள். இளவரசி கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்தாள். உள் அறையில் தூளி கனமாகத் தொங்கியது. இப்போதுதான் பால் குடித்துவிட்டுத் தூங்கிய பிள்ளை, எடுத்தால் எழுந்துவிடும், அதனால் எடுக்கவில்லை. மணிக்கட்டில் சணல் தொய்வாகக் கிடந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து அவள் அசையாமல் இருந்தாள்.

ஊர் அவ்வளவு அமைதியாக அதற்கு முன்னால் இருந்ததில்லை, காகம்கூட எங்கோ போய்விட்டது, தென்னை மட்டை அசையவில்லை, அவளுக்குத் தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது.

டொம்.

அடுப்படியில். தண்ணீர்க் குடம் சிலிர்த்தது.

டொம், டொம், டொம், டொம். ஒருநாளும் அப்படி இடித்ததில்லை. தரை பிளக்கிற மாதிரி, நிறுத்தாமல், வெறி பிடித்த மாதிரி. கடைசி நாள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்குப் பிள்ளையை எடுத்துக்கொண்டுதான் போகப்போகிறது என்று இளவரசி நினைத்தாள். எழுந்து ஓடினால் கால் சத்தம் பூமிக்குள் போகும், அடியோடு கலக்கும், பிள்ளையின் அழுகை இந்த ஜென்மத்துக்கும் கேட்காது. ஓடாவிட்டால்? அவள் தூளியைப் பார்த்தாள். தூளி கனமாகத்தான் தொங்கியது. சணல் இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை? இத்தனை இடிக்குப் பிள்ளை ஏன் இன்னும் புரளவில்லை?

எழுந்தாள். ஊர் நாசமாகப் போகட்டும் என்று தடதடவென்று ஓடி, தூளியைப் பிரித்தாள். உள்ளே மெத்தைக்காகச் சுருட்டி வைத்த பழைய போர்வைதான் இருந்தது. அவள் சணலைக் கையில் சுற்றிக்கொள்வதற்கு முன்பே பிள்ளை நழுவி இறங்கியிருக்கிறது. கொல்லைக் கதவு ஒரு முழம் திறந்திருந்தது.

குந்தவி கருங்கல் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறி, தண்ணீருக்குள் தெரிந்த இன்னொரு குந்தவியைப் பார்த்துச் சிரித்து, அதைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். இளவரசி கொல்லைப்படியைத் தாண்டும்போது பிள்ளையின் தலை கீழே போனது, கால் மேலே வந்தது, தண்ணீர் தெறித்தது, எந்தச் சத்தமும் இல்லை. அவள் பாய்ந்து அந்தக் காலைப் பிடித்தாள். தூக்கினாள். பிள்ளை ஒரு கணம் விழித்து, இருமி, தண்ணீரைக் கக்கி, வாயைப் பெரிதாகத் திறந்தது.

அடுப்படியில் இடி நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இடி முந்தி வந்தது, பிள்ளை பிந்தி விழுந்தது. இத்தனை மாதமும் இடித்ததால் பிள்ளை அழவில்லை. பிள்ளை அழப்போவதை எங்கோ ஒருத்தி முந்திக் கேட்டு, கேட்ட மாத்திரத்தில் இடித்துச் சொல்லியிருக்கிறாள். சொட்டச் சொட்டப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இளவரசி தெருவில் ஓடினாள். எந்த வீடு என்று யாரையும் கேட்கவில்லை. எந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது, எந்த வீட்டுக்காரி கரண்டிச் சத்தம்கூட உள்ளே விழுந்து தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாதென்று மழையில் தெருவில் சமைத்தாள் என்று அவள் கால்களுக்குத் தெரிந்திருந்தது.

மேற்குக் கோடியில் கூட்டம் கூடிவிட்டது. சம்மட்டி தலைக்கு மேலே போயிருந்த நேரத்தில் ஜெபசீலியின் பெட்டி துள்ளியதாம், அவர் கையைக் காட்ட, துரைக்கண்ணு சம்மட்டியைத் திருப்ப, அது தகட்டைத் தவறித் துரைக்கண்ணுவின் கால் கட்டைவிரலுக்கு ஓரமாகப் புதைந்து நின்றதாம். தவமணி தன் வாசற்படியில் உலக்கையைப் பிடித்தபடி நின்றாள். வேர்வையில் ரவிக்கை ஒட்டியிருந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஊரையே கெடுக்கப் பாத்தியேம்மா! இப்ப என்னத்தை இடிச்சே நீ?" என்று கத்தினார் தலைவர்.

"ஒரு பிள்ளை தண்ணிக்குள்ள மூச்சு முட்டுறது என் காலுக்கடியில கேக்குது. கையைக் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா?" என்றாள் தவமணி. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்ற இளவரசியை அவள் பார்க்கவில்லை. பிள்ளையைத்தான் பார்த்தாள், ஈரத் தலையை, இருமுகிற வாயை. உலக்கையைச் சுவரில் சாத்தினாள். "அந்த வீட்டுல யாராவது போய்ச் சொல்லுங்க. தொட்டிக்கு ஒரு மூடி போடச் சொல்லி."

இளவரசி பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டாள். அங்கேயே தெருப்புழுதியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெபசீலி தகட்டை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். "நல்லவேளை, அடி தகட்டுல விழலை. இன்னொரு தடவை பாக்கலாம். இந்தத் தடவை அந்தப் பிள்ளையைக் கையை விட்டு இறக்காதீங்கம்மா." கலைந்து போகக்கூட யாருக்கும் தெம்பில்லை, நின்றவர்கள் நின்ற இடத்தில் சிலையானார்கள். விக்கி விக்கி அழுத பிள்ளையை அடக்க இளவரசிக்கு ஒரே வழிதான் தெரிந்தது, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு மார்பில் போட்டாள். சம்மட்டி விழுந்தது. பெட்டியில் கோடுகள் ஒழுங்காக எழுந்தன, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்ன, மெல்லிய, விட்டு விட்டு வருகிற அசைவு. ஜெபசீலி அது என்ன என்று கேட்கவில்லை. பால் குடிக்கிற சத்தத்தைப் பூமி வேற்றுச் சத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை போலும்.

சத்தங்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பின. ரேஷன் கடைக்காரர் பழக்கத்தில் எடைத்தட்டுக்குக் குனிந்து கேட்டுவிட்டு ஏமாந்தார். கீழத்தெருவில் அன்று மாலையே, தடுக்க யாரும் வராததால், ஒரு நல்ல சண்டை நடந்தது. குணாளன் தொட்டிக்குப் பலகை அறுத்து, கைப்பிடி வைத்து, மூடி போட்டான்.

மறுநாள் காலையில் குந்தவி எழுந்து அழுதாள். கூடத்திலேயே, கூரை அதிர, காதுக்குப் பக்கத்தில். இளவரசி கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கி, அழட்டும் அழட்டும் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள், பிறகு சிரிப்பு நின்றது. அடுப்படித் தரை பேசாமல் கிடந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெறும் தரை, சில்லென்று. இனிமேல் தான் குளிக்கும்போது, தண்ணீர் எடுக்கப் போகும்போது, அசந்து ஒரு கண் மூடும்போது, யார் முந்திக் கேட்டு யார் சொல்வார்கள்? முன்பு இடி கேட்டுப் பயந்தவள் இப்போது இடி கேட்காமல் பயந்தாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மூலையில் கிடந்த உலக்கையை எடுத்து, போய்ச் சேராதென்று தெரிந்தே, டொம், டொம், டொம் என்று மூன்று தடவை தரையில் போட்டாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் கெக்கலி கொட்டியது.

வேலிப் படல் கிறீச்சிட்டது. தவமணி நின்றாள். தலை முடியவில்லை, காலில் செருப்பில்லை, மேற்குக் கோடியிலிருந்து ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அக்கா," என்றாள் இளவரசி, "நான் இடிச்சது கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலைடி" என்றாள் தவமணி. "விடிஞ்சதுலேர்ந்து தரையில காதை வெச்சு வெச்சுப் பாக்கறேன். ஒண்ணுமே கேக்கலை. அதான் ஓடியாந்தேன்."

இளவரசி பிள்ளையை நீட்டினாள். தவமணி வாங்கவில்லை. நேரே கொல்லைக்குப் போய், தொட்டி மூடியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, அதற்கப்புறம்தான் கையை நீட்டினாள்.